அப்பாவின் எல்.பி.யை டிஜிட்டலாக்குங்க

வினைல் பிரியர்கள் பலருக்கு டிஜிட்டல் என்றாலே தீட்டு. 2022-ல அந்த நம்பிக்கைக்கு ஒரு அடி விழுந்துச்சு. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த இசைத்தட்டுகளை, முழுக்க அனலாக் முறையில் தயாரானவை என்று நம்பித்தான் பலரும் வாங்கினார்கள். ஆனா அதுல நிறைய தட்டுகளுக்கு மூல டேப்பை முதலில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் தயாரிச்சிருக்காங்க. அதே தட்டுகளைத்தான் வருஷக்கணக்கா "அனலாக் இனிமை" என்று கொண்டாடினாங்க!

வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லாம விட்டது தப்புதான். ஆனா நமக்கு இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு: கவனமாக எடுத்த டிஜிட்டல் பிரதி இசையைக் கொன்றுவிடாது.

அப்போ அப்பா, சித்தப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த இளையராஜா எல்.பி.க்கள் ஏன் இன்னும் பெட்டியிலேயே கிடக்கு? ஸ்ட்ரீமிங்கில் வரும் பழைய பாட்டு எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, அதுல என்ன மாத்தினாங்கன்னு பெரும்பாலும் தெரியாது. உங்க கையில இருக்கிறது அந்தக் காலத்திலேயே வெளிவந்த தட்டு.

முதல்ல தட்டைச் சுத்தம் பண்ணுங்க. ஊசியை மாத்துங்க, தேய்ந்த ஊசி தட்டையே அரித்துவிடும். பிறகு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து ஃப்ளாக் கோப்பாக வைங்க. மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. கீறல் சத்தத்தை எடுக்கணும்னா, அந்தக் கோப்பை அப்படியே வெச்சுட்டு இன்னொரு பிரதியில எடுங்க.

அடுத்த ஸ்பெஷல் எடிஷனுக்கு ஒதுக்கிய காசு, இந்த முறை ஒரு நல்ல ஊசிக்குப் போகட்டும்.