கையில பிபி பார்த்தாச்சு... காலில் பார்த்தீங்களா? சுகர் இருக்கிறவங்க தவறவிடும் ஒரு டெஸ்ட்

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றி தமிழ்நாட்டில் இப்போது நிறையவே பேசப்படுகிறது. அரசே 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலேயே சுகரும் பிபியும் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த பிபி கையில் மட்டும்தான் பார்க்கப்படுகிறது.

காலில் எதுக்கு பிபி பார்க்கணும்னு கேட்கலாம். ஒரு கால் பிழைக்குமா, எடுக்க வேண்டியிருக்குமா என்பதற்கான முதல் துப்பு பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது.

சுகர் காலை இரண்டு வழியில் தாக்கும். ஒன்று நரம்பு. உணர்ச்சி மரத்துப் போய், முள் குத்தினாலும் தெரியாது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்னொன்று ரத்தக்குழாய். இதயத்தில் அடைப்பு வருவது போலவே காலுக்குப் போகும் தமனியிலும் கொழுப்பு படிந்து வழி குறுகிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் புறத்தமனி நோய் என்கிறார்கள். நரம்பு கெட்டதால் புண் வரும், ரத்தம் போகாததால் அந்தப் புண் ஆறாது. இரண்டும் சேரும்போதுதான் விரலில் ஆரம்பித்தது கால் வரைக்கும் போகிறது.

டெஸ்ட் எப்படி எடுக்கிறாங்க?

பெயர் கணுக்கால் - கை அழுத்த விகிதம். டாக்டர்கள் சுருக்கமாக 'ஏபிஐ' என்பார்கள். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பதும் கிடையாது. ஐந்து, பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைப்பார்கள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிபி பட்டையைச் சுற்றி, ஜெல் தடவி, கைக்கு அடக்கமான டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள். பட்டையில் காற்று ஏற ஏற அந்த 'விஷ் விஷ்' சத்தம் நின்றுவிடும். காற்றை இறக்கும்போது சத்தம் எந்த எண்ணில் திரும்பி வருகிறதோ, அதுதான் கணக்கு. மேல் பிபி மட்டும் போதும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒருவருக்கு வலது கையில் 130, இடது கையில் 140 என்று வைத்துக்கொள்வோம். அதிகமான 140-ஐத்தான் எடுக்க வேண்டும். வலது கணுக்காலில் 100 வந்தால், 100-ஐ 140-ஆல் வகுக்க 0.71. இடது கணுக்காலில் 150 வந்தால் 1.07. இடது கால் ஓகே. வலது காலில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

படுத்திருக்கும்போது ஆரோக்கியமான ஒருவருக்கு கணுக்கால் பிபி கையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதனால் 1.0 முதல் 1.4 வரை நார்மல். 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய். இடையில் இருப்பது எல்லைக்கோடு. 0.4-க்கும் கீழே போனால் நிலைமை ரொம்பவே மோசம்.

'நம்ம வீட்டு பிபி மெஷினை காலில் மாட்டிப் பார்த்துக்கலாமே' என்று தோன்றும். வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது கால் இதயத்துக்குக் கீழே தொங்குவதால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அடைப்புள்ள காலும் நல்ல கால் மாதிரி தெரியும்.

'நார்மல்' என்று வந்தால் நிம்மதியா?

இங்கேதான் சுகர்காரர்களுக்கு ஒரு சிக்கல். பல வருடம் சர்க்கரை நோய் இருந்தால் கணுக்கால் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாய் விறைத்துவிடும். எவ்வளவு காற்று அடித்தாலும் பட்டையால் அதை அழுத்த முடியாது. அளவு 1.4-க்கு மேல் போகும். அல்லது உள்ளே அடைப்பு இருந்தும், நார்மல் போலக் காட்டும். அதாவது, இந்த டெஸ்ட் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே ஏமாற்றக்கூடியது. இதற்கு வழி இருக்கிறது. விரல்களின் தமனி அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. அதனால் கால் கட்டைவிரலில் குட்டிப் பட்டை போட்டு அளப்பார்கள். அங்கே 0.70-க்குக் கீழ் வந்தால் உஷாராக வேண்டும்.

அப்போ எல்லாருக்கும் எடுத்துடலாமா?

இதில் மருத்துவ உலகமே ஒரே குரலில் பேசவில்லை. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் ஏபிஐ எடுப்பதால் பலன் உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என அமெரிக்க தடுப்பு சேவைகள் பணிக்குழு 2018-ல் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் வெளியான டென்மார்க் ஆய்வு வேறு மாதிரி. அங்கே 65 முதல் 74 வயது ஆண்களுக்குக் கால் ரத்த ஓட்டம், வயிற்று மகாதமனி வீக்கம், பிபி மூன்றையும் சேர்த்துப் பரிசோதித்ததில் இறப்பு 7 சதவீதம் குறைந்தது. மூன்றில் எது காப்பாற்றியது என்று தனியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஆனால் சுகர் இருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களில் 65 வயதைத் தாண்டியவர்கள், பாதத்தில் பிரச்னை உள்ளவர்கள், கண்ணோ கிட்னியோ பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஏபிஐ எடுக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். எல்லார் வீட்டுக்கும் டாப்ளரோடு போக முடியாதுதான். பயிற்சி பெற்ற ஆளும் கால் மணி நேரமும் வேண்டும். ஆனால் ஆறாத புண்ணோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குக் கூட டிரெஸ்ஸிங் மட்டும் மாற்றி அனுப்புவது சரியில்லை. ரத்தம் போகாத காலில் வீக்கத்துக்காக இறுக்கிக் கட்டினால் புண் இன்னும் மோசமாகும். கட்டுவதற்கு முன்னாடி அளக்க வேண்டும்.

யார் கேட்டு வாங்கணும்?

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சரியாகிவிடும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். இதுதான் இந்த நோயின் அடையாள வலி. இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். பலருக்கு இந்த வலியே இருக்காது. நரம்பு மரத்துப் போன சுகர்காரருக்கு வலி எங்கிருந்து தெரியும்? பீடி, சிகரெட் பழக்கமும் சுகரும் சேர்ந்திருந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அளவு குறைவு என்று வந்தால் உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டியதில்லை. புகையை நிறுத்துவது, கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, முறைப்படி நடைப்பயிற்சி என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். காலில் புண் ஏற்கெனவே இருந்தால் மட்டும் காத்திருக்க முடியாது. ரத்தநாள சிகிச்சை நிபுணரிடம் சீக்கிரம் போக வேண்டும். இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். காரணம், ஏபிஐ குறைவாக உள்ளவர்கள் பத்து ஆண்டுகளில் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் முக்கியமான பங்கு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்.

இன்னொன்று, ஒரு கால் திடீரென்று சில்லிட்டு, வெளிறி, தாங்க முடியாமல் வலித்தால் டெஸ்டுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கும் நேரம் அது இல்லை. காலைக் காப்பாற்ற சில மணி நேரம்தான் இருக்கும். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், 108-க்கு போன் போடுங்கள்.