கடலுக்கு அப்பால் ஒரு பைசாபாத்

2025 ஜூலை 3, 4 ஆகிய இரு நாட்கள் பிரதமர் நரேந்திர மோடி கரீபியன் கடலின் தென்கோடியிலுள்ள டிரினிடாட்–டொபாகோவில் இருந்தார். அந்நாட்டின் மிக உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார். பிரதமர் கமலா பெர்சாத்-பிசேசருக்கு அயோத்தி ராமர் கோவிலின் மாதிரியையும், சரயு ஆற்று நீரையும், கும்பமேளா நடந்த சங்கமத்தின் நீரையும் பரிசளித்தார். கமலாவின் முன்னோர் பக்சாரிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதை நினைவூட்டி அவரைப் பீகாரின் மகள் என்று புகழ்ந்தார். பீகார் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில் இப்புகழுரை எந்தச் செவிகளை நோக்கியது என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்திய வம்சாவளியின் ஆறாம் தலைமுறைக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வழங்கப்படும் என்ற அறிவிப்பும், மருந்துத் தரநிலை, இந்தி இருக்கை, விளையாட்டு ஆகியவை பற்றிய உடன்படிக்கைகளும் வெளியாயின.

கங்கையையும் யமுனையையும் விட்டுச் சென்றவர்கள் ராமாயணத்தை நெஞ்சில் சுமந்து சென்றார்கள் என்று பிரதமர் கூறினார். அவர்கள் ஊர்ப்பெயர்களும் உடன் சென்றன. டிரினிடாட்டின் தென்பகுதியில், எண்ணெய்க் கிணறுகளின் நடுவே பைசாபாத் என்றோர் ஊர் உண்டு. இந்தியக் கூலிகள் குடியேறிய அவ்வூருக்கு உத்தரப் பிரதேசத்துப் பைசாபாத்தின் பெயர் சூட்டப்பட்டது. இங்கே அந்தப் பைசாபாத் மாவட்டத்தின் பெயரை 2018 நவம்பரில் ஆதித்யநாத் அரசு அயோத்தி என்று மாற்றிவிட்டது. அங்கே அப்பெயர் இன்னும் வாழ்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று அத்தீவின் தொழிலாளர்கள் செங்கொடிகளும் நீலச் சட்டைகளுமாய்த் திரளும் இடம் அதுதான். அதன் காரணத்தை அறிய அத்தீவின் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

டிரினிடாட், டொபாகோ என்னும் இரு தீவுகளின் மொத்தப் பரப்பு 5,128 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 14 லட்சம். கரீபியன் தீவுகளில் பல எரிமலையாலும் பவளத்தாலும் உருவானவை. டிரினிடாட்டோ தென்னமெரிக்கக் கண்டத்தின் உடைந்த துண்டு. அதன் வடக்கு மலைத்தொடர் வெனிசுலாவின் கடலோர மலைகளின் தொடர்ச்சியே. இரு கரைகளும் மிக நெருங்கும் இடத்தில் இடைப்பட்ட கடலின் அகலம் 11 கிலோமீட்டர்தான். வெனிசுலாவை எண்ணெய் நாடாக்கிய அதே பாறை அடுக்குகள் இத்தீவின் அடியிலும் ஓடுகின்றன. லா பிரே என்னுமிடத்தில் நிலக்கீல் தானாகவே பொங்கி, சுமார் 100 ஏக்கர் பரப்பில் ஏரியாக நிற்கிறது; உலகின் மிகப்பெரிய இயற்கை நிலக்கீல் படிவு அது. 1595இல் அங்கு வந்த ஆங்கிலேயர் வால்டர் ராலே தம் கப்பல்களின் விரிசல்களை அடைக்க அந்தக் கீலைத்தான் பயன்படுத்தினார். காலனியவாதி அத்தீவிலிருந்து எடுத்துச் சென்ற முதல் கையளவு அது எனலாம்.

பிறகு கரும்பு வந்தது. ஆப்பிரிக்க அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றதும், தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பைத் தேடி இந்தியாவை நோக்கினர். 1845 மே 30 அன்று பத்தேல் ரசாக் என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917 வரை சுமார் 1,44,000 பேர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசும் ஏழை உழவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறுபான்மையினர், அங்கே மதராசிகள் என்றே அழைக்கப்பட்டனர். முதலாளிகளின் கணக்கு எளியது: கரும்புக்கு இந்தியன், பிற்காலத்தில் எண்ணெய்க்கு ஆப்பிரிக்கன், இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல், ஒருவர் கூலியை மற்றவர் காட்டிக் குறைக்கும்படி வைத்துவிட்டால் போதும்.

எண்ணெய் வணிக அளவில் எடுக்கப்பட்டது 1908 முதல். பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பேரரசின் எல்லைக்குள்ளேயே கிடைத்த எண்ணெயில் பெரும்பங்கைத் தந்த இத்தீவின் தொழிலாளிக்குக் கிடைத்தது பட்டினிக் கூலியும் குடிசையும் நோயும். 1937 ஜூன் 19 அன்று பைசாபாத்தில் யூரியா பட்லர் பேசிக்கொண்டிருந்தபோது காவல்துறை அவரைக் கைது செய்ய முயன்றது. கிரெனடாவில் பிறந்து, முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டு, எண்ணெய் வயலில் வேலை செய்து காயமடைந்து, போதகரானவர் பட்லர். கூட்டம் அவரைப் பிடித்துச் செல்ல விடவில்லை. அன்று மூண்ட கிளர்ச்சி எண்ணெய் வயல்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. ஆப்பிரிக்கத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒருசேர வேலையை நிறுத்தினர். போர்க்கப்பல்களை அனுப்பித்தான் பிரிட்டன் அதை அடக்க முடிந்தது.

பட்லர் சிறையில் இருக்க, அமைப்பைக் கட்டியவர்களில் முதன்மையானவர் ஏட்ரியன் கோலா ரியென்சி என்னும் வழக்கறிஞர். ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த அவருடைய இயற்பெயர் கிருஷ்ண தியோநாராயண். ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிறைந்த எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கத்துக்கும், இந்தியர் நிறைந்த சர்க்கரைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவர் ஒருவரே தலைவரானார். இந்திய வம்சாவளியின் பெருமையைத் தேடி டிரினிடாட் செல்வோர் முதலில் நாட வேண்டிய பெயர் இதுவே. அம்மரபு எளிதில் அறுபடவுமில்லை. 1975 மார்ச் 18 அன்று ஜார்ஜ் வீக்ஸ், பாஸ்தியோ பாண்டே ஆகியோர் தலைமையில் எண்ணெய், சர்க்கரைத் தொழிலாளர்கள் சான் பெர்னாண்டோவில் கூட்டாக ஊர்வலம் போனபோது காவல்துறை தாக்கியது. அந்நாள் இரத்தச் செவ்வாய் என நினைவுகூரப்படுகிறது.

அத்தகைய போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1962இல் விடுதலை பெற்ற நாடு தன் எண்ணெயைச் சிறிது சிறிதாக மீட்டது. 1974இல் ஷெல்லின் சொத்துகள், 1985இல் டெக்சகோவின் பாயின்ட்-அ-பியர் சுத்திகரிப்பு ஆலை என அரசுடைமையாயின. 1993இல் உருவான பெட்ரோட்ரின் நிறுவனம் அம்மீட்பின் வாரிசு. எண்ணெய் வருவாயைக் கொண்டு பாயின்ட் லிசாசில் அம்மோனியா, மெத்தனால், எஃகு ஆலைகள் எழுந்தன. எஃகு ஆலையின் பிற்கால வரலாறு இந்திய வாசகர்களுக்கு ஆர்வமூட்டும்: 1989இல் அதைக் குத்தகைக்கு எடுத்தவர் லட்சுமி மிட்டல். உலகின் எஃகு மன்னராக அவரை உயர்த்திய தொடக்கப் படிகளில் அதுவும் ஒன்று. 2016 மார்ச்சில் ஆர்செலர்மிட்டல் அதை மூடியது. 600க்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தனர்.

தொடர்ந்து பெட்ரோட்ரின் வந்தது. நட்டம், கடன் என்று காரணம் காட்டி 2018 நவம்பரில் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. சுமார் 5,000 தொழிலாளர்கள் வேலை இழந்தனர். நட்டம் கற்பனையல்ல. செலவு பன்மடங்கு பெருகிப் பயன்படாமற்போன திட்டங்களால் குவிந்த கடன் அது. அத்திட்டங்களை வகுத்தவர் தொழிலாளர் அல்லர். விலை கொடுத்தவர்கள் மட்டும் அவர்கள். தொழிற்சங்கமே நிறுவிய கம்பெனி ஆலையை வாங்க முன்வந்து, 2019இல் முதலிடத்தில் தேர்வும் பெற்றது. அடுத்த ஆண்டே அம்முயற்சி முறிந்தது. நூறாண்டுகள் எண்ணெய் சுத்திகரித்த நாடு இன்று பெட்ரோலை இறக்குமதி செய்கிறது. இதற்கு முன்பே, 2003இல், அரசின் கரோனி சர்க்கரை நிறுவனம் மூடப்பட்டு ஏறத்தாழ 9,000 பேர் வெளியேற்றப்பட்டிருந்தனர். கரும்பு இந்தியனுடையது, எண்ணெய் ஆப்பிரிக்கனுடையது என்று பிரித்து வைத்தவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து மூடினார்கள். பாரத் பெட்ரோலியத்தில் தன் பங்கு முழுவதையும், சுமார் 53 சதவீதத்தை, விற்க ஏலம் கேட்டு, வாங்குவோர் இன்றி 2022இல் கைவிட்ட மோடி அரசு அந்நாட்டு அனுபவத்தைக் கேட்டறிந்திருக்கலாம்.

எஞ்சியிருப்பது எரிவாயு. பாயின்ட் போர்ட்டினிலுள்ள திரவ எரிவாயு ஆலையில் பிபியும் ஷெல்லும் பெரும்பங்கு வகிக்கின்றன. 2010இல் நாளொன்றுக்கு 400 கோடி கன அடிக்கும் மேலிருந்த எரிவாயு உற்பத்தி இப்போது சுமார் 250 கோடிக்கு இறங்கிவிட்டது. ஆலையின் நான்கு அலகுகளில் முதலாவது 2020 முதல் வாயுவின்றி நிற்கிறது. ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கை எண்ணெய், எரிவாயு, அவற்றின் வழிப்பொருள்கள் ஆகியவற்றிலிருந்தே பெறும் நாடு, உண்ணும் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாடு, இதை எப்படித் தாங்கும்?

தீர்வு கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அண்டையிலுள்ள வெனிசுலாக் கடற்பகுதியில் டிராகன் என்னும் வாயுவயல் எடுக்கப்படாமல் கிடக்கிறது. குழாய் பதிக்க வேண்டிய தூரம் குறைவு. வெனிசுலா 2023 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கு உரிமமும் அளித்தது. ஆனால் இரு அண்டை நாடுகள் தமக்குள் வாயு கொடுத்து வாங்க வாஷிங்டனின் கருவூலத்துறை அனுமதிக்க வேண்டியிருக்கிறது. வெனிசுலாவுக்கு ரொக்கம் தரலாகாது என்ற நிபந்தனையோடு 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த அவமதிப்பை இந்தியா அறியாததல்ல. அமெரிக்கா சொன்னதற்காக 2019இல் ஈரான் எண்ணெயை வாங்குவதை நிறுத்திய அரசு இது. வெனிசுலாவிடம் எண்ணெய் வாங்கும் நாடுகள் மீது 25 சதவீத வரி என்று 2025 மார்ச்சில் டிரம்ப் மிரட்டியபோதும் டெல்லியிலிருந்து எதிர்க்குரல் எழவில்லை. உலகின் தென்பகுதி நாடுகளின் குரல் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பிரதமர், போர்ட் ஆப் ஸ்பெயினில் நின்று, 11 கிலோமீட்டர் கடலைக் கடக்க அமெரிக்க முத்திரை எதற்கு என்று கேட்டிருந்தால் அக்கேள்வி இரு நாட்டு மக்களுக்கும் உரியதாக இருந்திருக்கும்.

மூடிய சுத்திகரிப்பு ஆலையைத் திறப்போம் என்ற வாக்குறுதியோடு கமலாவின் கட்சி 2025 ஏப்ரல் தேர்தலில் வென்றது. எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கம் இம்முறை அவர் பக்கம் நின்றது. ஆப்பிரிக்கர் ஒரு கட்சி, இந்தியர் ஒரு கட்சி என்ற பழைய கணக்கை அது மீறிய செயல். வேலை இழந்த 5,000 பேரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆலையின் வாயிற்கதவை 2018 முதல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.