ஓலை தொலைந்தாலும்

திருவரங்கம் பெரிய கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. இத்தகைய கல்வெட்டுகளை வகுப்பில் கற்பிக்கும்போதெல்லாம் நம் முன்னோரின் முன்யோசனையை எண்ணி வியக்கிறோம். சோழர் காலத்தில் அரசாணை முதலில் ஓலையில் எழுதப்பட்டது; பின்பு வரிக்கணக்கில் ஏறியது; இறுதியில் கல்லில் வெட்டப்பட்டது. கொடை பெற்றவனின் ஓலையைக் கறையான் அரித்தாலும் அவனது உரிமை அழியவில்லை. சான்றைக் காக்கும் பொறுப்பு அவனுக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை.

இதே திருச்சியில், விமான நிலையத்திற்கு அருகிலுள்ள கொட்டப்பட்டு முகாமில் வாழ்வோருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர்களுள் ஒரு சாரார், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு முறைப்படி வந்தோரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. 1983 கலவரத்திற்குப் பின் உயிர் தப்பிப் படகேறியோரிடம் என்ன இருந்திருக்கும்? இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்திருக்கலாம். ஆயினும் முன்னவர் தாயகம் திரும்பியவர். பின்னவர் சட்டவிரோதக் குடியேறி.

இம்முகாமைச் சேர்ந்தோர் உள்ளிட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களின்மீது மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2022இல் அதே நீதிமன்றம், முகாம்வாசியான ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கப் பணித்தது. 1986இல் மண்டபத்தில் பிறந்ததற்கான சான்றிதழ் அவரிடம் இருந்தது; 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகர் என்பது சட்டம். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு தாள் தொலைந்திருந்தால்?

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனை நீங்கியதே தவிர, குடியுரிமை வரவில்லை.

நாம் கோருவது கருணையன்று. ஒப்பந்தக் காலத்து விண்ணப்பங்களை வாங்கியது இந்தியத் தூதரகம். கரையேறியவர்களின் பெயர்களைப் பதிந்ததும் அரசே. தாளைத் தொலைத்தவரிடம் ‘சான்று எங்கே?’ என்று கேட்குமுன், அரசு தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓலை தொலைந்தால் கல்லைப் பார்ப்பதே இம்மண்ணின் மரபு.