ஆபீஸ் முழுக்க ஒரே ஃபைலில்

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்சி, ஷிப்பிங் ஆபீஸ், உப்புக் கம்பெனி, மீன் ஏற்றுமதி நிறுவனம் என எதற்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு சர்வர் இருக்கும். அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினி என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆபீஸில் எல்லோரும் 'விஎம்' என்பார்கள். பல வருஷங்களுக்கு முன் காசு கொடுத்து எழுதி வாங்கிய பில்லிங் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அந்த விண்டோஸ் புதிய மெஷினில் ஏறாது. அதனால் பழைய கம்ப்யூட்டரை அப்படியே ஒரு விஎம் ஆக்கிப் புதிய சர்வருக்குள் வைத்திருப்பார்கள். அந்த விஎம்முக்கு ஹார்டு டிஸ்க் என்று தனியாக எதுவும் கிடையாது, சர்வரில் கிடக்கும் ஒரே ஒரு ஃபைல்தான் அதன் டிஸ்க். ஷிப்பிங் பில், கன்டெய்னர் விவரம், ஜிஎஸ்டி கணக்கு, யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் எல்லாமே அந்த ஒரு ஃபைலுக்குள் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஆபீஸ்களுக்கு சர்வர் வேலை பார்ப்பதுதான் என் தொழில். முதலாளிமார் சர்வருக்குப் பணம் செலவழிக்கத் தயங்குவதில்லை. ஆனால் அந்த ஃபைலைக் கையாளத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கையாளத் தெரிந்தவன் என்றால் மவுஸ் பட்டனை அழுத்தத் தெரிந்தவனைச் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அந்த ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவனைச் சொல்கிறேன்.

அதற்கான கருவி இலவசம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003-இல் வெளியிட்ட, விஎம்களை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருளோடு 'கியூஎமு-இமேஜ்' என்ற சின்னக் கட்டளையும் வருகிறது. 2007-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் விஎம்களை ஓட்ட உதவும் கேவிஎம் சேர்ந்த பிறகு உலகத்தின் பெரிய கிளவுடு சேவைகள் பலவும் இந்தக் குடும்பத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கட்டளையோடு 'இன்ஃபோ' என்று சேர்த்து அடித்தால் இரண்டு எண்கள் வரும். ஒன்று, விஎம் தனக்கு இருப்பதாக நம்பும் இடம். இன்னொன்று, நிஜமாக சர்வரில் பிடித்திருக்கும் இடம். கியூஎமுவின் 'கியூகவ்2' வகை ஃபைலை 100 ஜிபி என்று சொல்லி உருவாக்கினாலும் தொடக்கத்தில் சில நூறு கேபிதான் இருக்கும், எழுத எழுத வளரும். இது வசதிதான். ஆனால் 500 ஜிபி டிஸ்க்கில் இப்படி எட்டு விஎம்களுக்குத் தலா 100 ஜிபி வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. நிஜ டிஸ்க் நிரம்பும் நாளில் எழுத இடம் கேட்கிற விஎம் ஒவ்வொன்றும் அப்படியே உறைந்து நிற்கும். கப்பல் கட் ஆஃப் நேரம் நெருங்குகையில் பில் போடும் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று துறைமுகத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை அந்த இரண்டு எண்களையும் பார்த்திருந்தால் போதும். விஎம்முக்குள் ஃபைல்களை அழித்துவிட்டால் வெளியே இடம் திரும்பிவிடும் என்று நினைப்பதும் தவறு. அழித்த இடத்தை வெளியே தெரிவிக்கும் டிரிம் வசதி போட்டிருக்க வேண்டும், அல்லது விஎம்மை நிறுத்திவிட்டு 'விர்ட்-ஸ்பார்சிஃபை' ஓட்ட வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது ஸ்னாப்ஷாட்டில். "பேக்கப்பு எடுத்துக்கிட்டுதான இருக்கோம் தம்பி, அந்தப் பையன் தினமும் பட்டனை அமுக்குறானே" என்று ஓர் அண்ணாச்சி என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் தினமும் எடுத்தது ஸ்னாப்ஷாட். அது அந்தக் கியூகவ்2 ஃபைலுக்குள்ளேயே குறிக்கப்படும் ஒரு புள்ளி. "அண்ணாச்சி, இந்த ஃபைல் போச்சுன்னா அதுக்குள்ள இருக்கிற அத்தனை பேக்கப்பும் சேர்ந்துதான் போகும்" என்றேன். வேறு சில இடங்களில் மூல ஃபைல் ஒன்று, அதன் மேல் மாற்றங்களை மட்டும் எழுதும் ஃபைல் இன்னொன்று என்று அடுக்கியிருப்பார்கள். பேரேட்டைத் தொடாமல், திருத்தங்களை மட்டும் தனித் துண்டுச் சீட்டில் எழுதி அதற்குள் செருகி வைப்பது போன்றது இது. பேரேட்டில் யாராவது ஒரு பக்கத்தை மாற்றிவிட்டால் சீட்டில் உள்ளதற்குப் பொருள் இல்லை. அடியில் இருக்கும் ஃபைலை 'பழசுதானே' என்று அழித்தவர்களையும், அதைத் தனியாக பூட் செய்து பார்த்தவர்களையும் நான் அறிவேன். மேலே இருந்த மாதக்கணக்கான வேலை குப்பையானது. 'இன்ஃபோ' கட்டளை, எந்த ஃபைல் எதன் மேல் நிற்கிறது என்பதைப் பெயரோடு காட்டிவிடும். பார்த்துவிட்டுத் தொட்டிருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் ஃபைலை சும்மா காப்பி எடுப்பதும் இதே ரகம். காப்பி முடியும் வரை உள்ளே எழுத்து நடந்துகொண்டே இருக்கும். முதல் பாதி ஒன்பது மணிக் கணக்கு, கடைசிப் பாதி ஒன்பதரை மணிக் கணக்கு என்று ஒட்டாத ஒரு பிரதிதான் கையில் மிஞ்சும். 2017-இல் வந்த கியூஎமு 2.10 பதிப்பிலிருந்து, ஓடும் விஎம்மின் ஃபைலில் இன்னொரு கியூஎமு கட்டளை கைவைக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். சாதாரண காப்பிக் கட்டளைக்கு அந்தப் பூட்டு தெரியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி நகருக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, ரயில் பாதை அரித்துப்போனது. தரைத்தளத்தில் சர்வர், அதே மேஜையின் கீழ் டிராயரில் பேக்கப் ஹார்டு டிஸ்க் என்று வைத்திருந்த ஆபீஸ்களில் இரண்டும் சேர்ந்தே நனைந்தன. தப்பித்த சர்வர்களிலும் மின்சாரம் திடீரென்று போனதால் விஎம் ஃபைல்கள் எந்த நிலையில் இருந்தன என்று தெரியவில்லை. அப்போது கைகொடுத்தது 'கியூஎமு-இமேஜ் செக்'. வீணாகப் பிடித்த இடம் எவ்வளவு, நிஜமான சேதம் எவ்வளவு என்று அது தனித்தனியாகச் சொல்லும். முன்னதைப் பற்றிக் கவலை இல்லை. பின்னது இருந்தால், சரிசெய்யும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கெட்ட ஃபைலையே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். கரன்ட் திரும்பிய பிறகும் அந்த நாள்களில் செல்போன் சிக்னல் ஒன்றிரண்டு கோடுதான் கிடைத்தது. படத்திரையோடு சர்வருக்குள் நுழைய முடியவில்லை. எழுத்துத் திரை மட்டும் அந்த சிக்னலிலும் திறந்தது. கட்டளை தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தார்கள்.

மழை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் முடங்கியது. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று அந்த நிறுவனத்தின் தலைவரே பின்னர் சொன்னார். அவர்களுடைய நெட்வொர்க்கின் முக்கியமான ஒரு சர்வர், தாக்குதல் நேரத்தில் கானாவில் கரன்ட் போயிருந்ததால் மட்டுமே தப்பியது. எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் பேக்கப், வைரஸுக்கும் எட்டும். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் ஐந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் எந்த தைரியத்தில் இருக்கிறது?

பட்டனை மட்டும் நம்புவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2023 நவம்பரில், விஎம் ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி எப்போதும் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனை நின்றது. 2024 பிப்ரவரியில் சின்ன ஆபீஸ்கள் நம்பியிருந்த இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பையும் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி விட்டார்கள். இதில் பதறியவர்கள், தங்கள் விஎம்மை வெளியே எடுக்கவே தெரியாதவர்கள். 'கியூஎமு-இமேஜ் கன்வர்ட்' என்ற ஒரு வரி விஎம்வேரின் விஎம்டிகே ஃபைலைக் கியூகவ்2 ஆக்கிக் கொடுக்கும். மாற்றும் முன் பழைய ஸ்னாப்ஷாட்களை ஒன்றாக்கிவிட வேண்டும், விண்டோஸுக்குள் கேவிஎம்முக்கான விர்டியோ டிரைவரையும் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய இடத்தில் நீலத் திரையோடு நின்றுவிடலாம். தெரிந்த ஆளுக்கு இது ஒரு சனிக்கிழமை வேலை.

தூத்துக்குடியின் முத்துச் சலாபம் 1961-லேயே நின்றுபோனது. 1974-இல் இங்குள்ள துறைமுகம் பெரிய துறைமுகமான பிறகு சரக்கையும் கன்டெய்னரையும் நம்பித்தான் இந்தக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தச் சரக்கின் கணக்கைக் காக்கும் வேலைக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வர வேண்டியதில்லை. நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரும் லினக்ஸும் கொடுத்தால் ஒரு பருவத்தில் கற்றுவிடுவார்கள். வேண்டுமென்றே ஒரு ஃபைலைக் கெடுத்து, மீட்கச் சொல்லித் தேர்வு வைக்கலாம். படத்திரை ஒவ்வொரு பதிப்புக்கும் மாறும். கட்டளை காகிதத்தில் எழுதி வைக்கக் கூடியது, இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓட வைக்கக் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடியது.

ஆபீஸ் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பேக்கப் இருக்கிறதா என்று இனிமேல் கேட்காதீர்கள். "இருக்கு" என்றுதான் பதில் வரும். இந்த மாதக் கணக்கை முடிப்பதற்குள் உங்கள் ஆளைக் கூப்பிட்டு, அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றை அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.