ஓராண்டுக் கல்விக்கு எத்தனை பூட்டுகள்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் பிலிமத்தலாவையிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தாள். தந்தையார் தோட்டத் தொழிலாளி. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை ஓராண்டு தங்கிப் படிக்க அழைத்திருந்தது. கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் உதவிப்பணமும் உண்டு. ஆயின், அவளுக்குக் கடவுச்சீட்டு இல்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ராமன். அவரது தேசிய அடையாள அட்டையில் ராமசாமி. இரண்டும் ஒருவரே என்பது அந்தத் தோட்டத்தில் யாவரும் அறிந்த உண்மை. சட்டத்தின் முன் அவர்கள் இருவர்! சத்தியக்கடதாசி முடித்து, திருத்தத்துக்கு விண்ணப்பித்து, கடிதத்தின் மேல் கடிதம் எழுதித் திருத்தம் கைக்கு வர நான்கு மாதங்கள் சென்றன. அதற்குள் அவளுக்குரிய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்தப் பிள்ளை அழவில்லை. தந்தையார்தாம், “ஐயா, பேரைச் சொன்னது நான், எழுதினது அவங்க” என்றார். அவர் கூற்றில் ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அந்த அநீதி ஏட்டளவில் முடிவுக்கு வந்தது. ஏட்டளவில் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரை நூற்றாண்டாகக் குடிமக்களாக எண்ணப்படாத மக்களின் பிறப்பும் பெயரும் எவ்வளவு கவனத்துடன் பதியப்பட்டிருக்கும்? தமிழ்ப் பெயரைத் தமிழறியாதவர் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். பின்னொருவர் அதனை ஆங்கிலத்துக்கு மாற்றினார். அந்தப் பிழை இன்று பேரப்பிள்ளையின் பயணத்தை மறித்து நிற்கிறது.

வெளிநாட்டில் ஓராண்டு பயில விரும்பும் மாணவரிடம் மூன்று தரப்பினர் நிபந்தனை விதிக்கின்றனர்: அழைக்கும் பல்கலைக்கழகம், நுழைவனுமதி வழங்கும் அரசு, அனுப்பும் நம் நாடு. இவற்றுள் முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பெறுபேறு, ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை, பேராசிரியரின் பரிந்துரை ஆகியவை உழைப்பால் அடையக்கூடியவை. தமிழ் மொழிமூலம் பயிலும் கலைப்பீட மாணவருக்கு ஆங்கிலப் பரீட்சை கடினந்தான். எனினும் அது நேர்மையான தடை, தாண்டலாம்.

இரண்டாவது பணம். சேர்மனி, தன் நாட்டுக்கு வரும் மாணவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கொன்றில் இட்டுக் காட்டவேண்டும் என 2024 செப்டெம்பரில் விதித்தது. அன்றைய நாணய மாற்றில் அது ஏறத்தாழ 40 இலட்சம் ரூபா. அதே மாதத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மாதம் 25 நாள் பேர் போட்டாலும் ஆண்டுக்கு 4,05,000 ரூபா. அதாவது, ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் அந்தத் தொகை சேரும். பிரித்தானியாவோ, பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்கு மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மாமனின் பணம் செல்லாது. பெற்றோரின் பணமாயின் அவர் பெற்றோர்தாம் என்று காட்டப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். மீண்டும் ராமன், ராமசாமி!

யாழ்ப்பாணத்து விவசாயிக்கு ஒரு துண்டு புகையிலைத் தறையோ வீட்டு வளவோ இருக்கும். அதனை ஈடு வைப்பார். அப்படி எத்தனையோ ஈட்டு உறுதிகளை வழக்கறிஞர் கண்டிருக்கிறோம், மீட்கப்படாதவற்றையும் கண்டிருக்கிறோம். தோட்டத்து மக்களுக்கு அந்த வழியுமில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த லயம் அவர்களுடையதன்று. ஈடு வைக்க உறுதி ஏது? ஆகவேதான் புலமைப்பரிசில் கடிதம் அவர்களுக்கு வெறும் உதவியன்று, அதுவே ஒரே கதவு. ஓராண்டுப் பரிமாற்றத் திட்டங்களில் கட்டண விலக்கும் உதவிப்பணமும் கிடைப்பதால் ஏழை மாணவருக்கு உகந்த வழியும் இதுவே. முழுப் பட்டத்துக்கும் வெளிநாடு செல்வது செல்வர்க்கே இயலும்.

மூன்றாவது நம் சொந்த வீட்டுப் பூட்டு. எனக்குச் சினமூட்டுவதும் இதுவே. வெளிநாட்டில் ஓராண்டு படித்துத் தேறி வரும் மாணவரை, அந்தப் பாடங்கள் இங்கே செல்லா எனக் கூறி, கீழ் வகுப்பாரோடு மீண்டும் அமரச் செய்வது என்ன நியாயம்? கணக்கிடும் முறை இல்லை எனின் அது பொய். இலங்கைத் தகைமைச் சட்டகம் 2012ஆம் ஆண்டே வந்தது. ஓராண்டுப் படிப்பை 30 திறமைப் புள்ளிகளாக, 1,500 மணித்தியாலக் கற்றலாக வகுத்தது. ஐரோப்பிய முறை அதே ஓராண்டை 60 புள்ளிகளாக, 1,500 முதல் 1,800 மணித்தியாலமாக வகுக்கிறது. அவர்களது இரண்டு நமது ஒன்றுக்குச் சமம். பாலர் வகுப்புக் கணக்கு. ஐரோப்பாவின் எராசுமசுத் திட்டத்தில் மாணவர் புறப்படுமுன்னரே கற்கை உடன்படிக்கை ஒன்றில் மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையொப்பமிடுகின்றனர். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது அதிலேயே எழுதப்படும். திரும்பி வந்தபின் வாதாட இடமில்லை. நம் மூதவைகளும் இதனைப் பொது விதியாக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு விரிவுரையாளரின் கருணையை நாடி நிற்கும் நிலை தன்மானத்துக்கு இழுக்கு.

போனவர் திரும்பார் என்று சிலர் அஞ்சுகின்றனர். 1983க்குப் பின் நாம் இழந்ததை நினைப்பவர் இவ்வச்சத்தை எள்ளி நகையாட முடியாது. ஆயின் பட்டத்துக்குப் போவது வேறு, ஓராண்டுக்குப் போவது வேறு. பட்டம் இங்கே காத்திருக்கிறது. மேலும், 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்சு சென்ற பொன்னம்பலம் அருணாசலம் திரும்பி வந்தார். சிவில் சேவையில் உயர்ந்தார். 1906இல் இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் நடத்தினார். அவர் பெயரால் பேராதனையில் ஒரு விடுதி நிற்கிறது. வெளியே போனவர் கண்டு வந்ததனாற்றான் உள்ளே இருப்போர்க்கு அது கிடைத்தது.

அரசைக் கேட்க வேண்டியவை சில. தோட்டங்கள் தோறும் பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்கு நடமாடும் சேவை நடத்துக. அதில் தமிழறிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். பெயரின் எழுத்து வேறுபாட்டுக்கு மாதக்கணக்கில் இழுத்தடியாமல் பிரதேச செயலகத்திலேயே முடிவு தருக. தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் காரியாலயத்து மேசையில் கிடந்து உறங்காமல் உரியவர் கையில் சேர வழி செய்க. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்கள் போதாமல் பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றனரே, அத்தகைய காலத்தில் மாணவர்க்கு முன்னுரிமை வேண்டும்.

அரசு செய்யும்வரை பெற்றோர் காத்திருக்கலாகாது. பிள்ளை உயர்தர வகுப்பில் சேரும் நாளிலேயே மூன்று பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள்: பிள்ளையின் பிறப்பத்தாட்சி, தாய் தந்தையரின் அடையாள அட்டைகள், விவாகப் பதிவு. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே திருத்தத் தொடங்குங்கள். வீசா பெற்றுத் தருவேன் என்று முன்பணம் கேட்கும் தரகனிடம் வெற்றுத்தாளில் கையொப்பம் இடாதீர்கள். காணி உறுதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அந்த மாணவி தன் பட்டப் படிப்பை இங்கேயே தொடர்கிறாள். சென்ற மாதம் மீண்டும் வந்தாள், தம்பியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துடன். அவனுக்குப் பதினாறு வயது. அதிலும் ராமன் என்றே இருந்தது. விண்ணப்பத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டோம்.