இருவாட்சியின் கூடும் காடரின் உரிமையும்

இருவாட்சிப் பறவைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் தோழரும், சேற்றில் நாற்று நடும் சகோதரியும் இப்படிக் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் வரும் தண்ணீர் ஆனைமலைக் காடுகளில் பிறக்கிறது. அந்தக் காட்டுக்கு விதை போடும் பறவை இருவாட்சி. அந்தக் காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் காடர் என்னும் பழங்குடி உழைப்பாளிகள். பறவையை யார் காப்பது, யாருடைய அதிகாரத்தில் காப்பது என்ற கேள்வி, காடு யாருக்கு என்ற கேள்விதான்.

பெரிய இருவாட்சிக்கு மரத்தைக் குடைந்து பொந்து செய்யத் தெரியாது. முதிர்ந்த பெருமரத்தில் தானாக விழுந்த பொந்துதான் அதன் வீடு. பேறுகாலத்தில் பெண் பறவை உள்ளே புகுந்து, எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை அடைத்து, அலகு நுழையும் சந்து மட்டும் விட்டுக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு மாத காலம், அத்திப் பழமும் மற்றப் பழங்களும் கொண்டுவந்து ஊட்டுவது ஆண் பறவையின் வேலை. அதை ஒருவன் சுட்டு வீழ்த்தினால், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. தின்ற பழங்களின் கொட்டைகளைப் பறவை காடெங்கும் உதிர்க்கிறது. அங்கே கன்று முளைக்கிறது. பெருமரம் விழுந்தால் பறவைக்கு வீடில்லை. பறவை ஒழிந்தால் நாளைய பெருமரத்துக்கு விதையில்லை.

அந்தப் பெருமரங்களை வெட்டியவர் யார்? "காட்டை ஜனங்களிடம் விட்டால் அழித்துவிடுவார்கள்" என்று சொல்கிறவர்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும். கொச்சி சமஸ்தானம் 1907-ம் வருஷம் முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு டிராம் வண்டி விட்டது, தேக்கையும் ஈட்டியையும் இறக்குவதற்காக. இந்தப் பக்கம் வால்பாறையில் துரைமார்கள் சோலையை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். 1882-ம் வருஷ மதராஸ் வனச் சட்டம் காட்டைச் சர்க்கார் சொத்தாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களைச் சொந்தக் காட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாக்கியது. வெள்ளையன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை.

காடர்களில் சிலர் இருவாட்சிக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்தது உண்டு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மக்கள்தான் அதைக் காப்பவர்களாகவும் மாறினார்கள். கேரளத்தின் வாழச்சால் வனப் பகுதியில், 2005-ஐ ஒட்டிய வருஷங்களில், வனத் துறையும் பறவை ஆராய்ச்சியாளரும் காடர்களும் ஒன்றுசேர்ந்து கூடுகளைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து, எந்த மாதம் தாய்ப்பறவை உள்ளே போகும் என்பதெல்லாம் காடருக்கு மனப்பாடம். குஞ்சைத் தேடி மரம் ஏறியவரின் அறிவே கூட்டைக் காக்கும் அறிவாயிற்று. அதற்குக் கூலியும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது. வயிற்றுக்கு வழியும் சொல்லுக்கு மதிப்பும் இருந்தால் உழைப்பாளி எதையும் காப்பான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2006-ம் வருஷம் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. பழங்குடிகளுக்குச் சரித்திர ரீதியாக அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்றும், காட்டு உயிர்களைப் பாதுகாக்கக் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு என்றும் அச்சட்டம் சொல்கிறது. வாழச்சாலின் ஒன்பது காடர் குடியிருப்புகள் 2014-ல் அந்த உரிமையைப் பெற்றன. தமிழகத்திலோ வழக்குத் தடையைக் காரணம் காட்டி 2016 வரை பட்டாக்கள் நின்றுபோயின.

இப்போது எங்கும் "கூட்டு வன நிர்வாகம்" என்ற பேச்சு அடிபடுகிறது. 1990-ல் மத்திய சர்க்கார் அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. கூட்டு நல்ல வார்த்தை. நாம் அதற்கு எதிரி அல்ல. ஆனால் என்ன கூட்டு? மிராசுதாருக்கும் வாரதாரருக்கும்கூட ஒரு கூட்டு இருந்தது. உழைப்பு ஒருவருக்கு, நெல் ஒருவருக்கு! ஆலையில் வொர்க்ஸ் கமிட்டி இருக்கிறது. நாற்காலி நமக்கும் உண்டு. முடிவு மட்டும் மானேஜர் அறையில். பல மாநிலங்களில் வனக் குழுவின் கதையும் இதுதான். கிராமத்தார் உறுப்பினர், வனத் துறை அதிகாரி செயலாளர். குழுவின் நோட்டுப் புத்தகம் செயலாளரிடம். கையெழுத்து மட்டும் கிராமத்தாரிடம். தீயணைக்கவும் திருட்டு வேட்டையைத் தடுக்கவும் உயிரைப் பணயம் வைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களை வருஷக்கணக்கில் தற்காலிக ஊழியராகவே வைத்திருந்தார்கள். ஆலையில் பதிலி என்றால் என்ன என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டாளி "சரி" என்று தலையாட்டும்போது கூட்டின் யோக்கியதை தெரியாது. "வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் தெரியும். அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின்சாரத் திட்டம் வந்தபோது, ஆற்றோரக் காடும் இருவாட்சிக் கூடுகளும் போய்விடும் என்று காடர்கள் எதிர்த்தார்கள். அணை எழவில்லை. மின்சாரம் வேண்டும், ஆலைத் தொழிலாளிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்சி யாருடையதானாலும், அங்கே வாழும் மக்களைக் கேளாமல் காட்டை விலை பேசக்கூடாது.

நம் பக்கத்துக் கதையையும் பாருங்கள். 2019 ஆகஸ்டு மழையில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கல்லார் காடர் குடியிருப்பு மண்சரிவில் சிதைந்தது. வீடிழந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து லயன்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டார்கள், உடனே கிடைக்கவில்லை. 2021-ல் சத்தியாகிரகம் செய்த பிறகே உரிமை கிடைத்தது. காட்டைக் காக்க வேண்டும்போது "கூட்டாளி". குடிசை போட இடம் கேட்டால் "ஆக்கிரமிப்பாளர்"! இது என்ன நியாயம்?

ஆகவே நாம் கோருவது இவைதான். சமூக வன உரிமைப் பட்டா இன்னும் கிடைக்காத ஒவ்வொரு கிராம சபைக்கும் அதை உடனே வழங்க வேண்டும். கூடு காப்போருக்கும் காட்டுக் காவலருக்கும் நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். வனக் குழுவின் பணமும் கணக்கும் கிராம சபையின் கையில் இருக்க வேண்டும். கணக்கை ஊரார் நடுவில் வாசிக்க வேண்டும். கிராம சபை சம்மதிக்காமல் எந்தத் திட்டத்துக்கும் பெருமரம் சாயக்கூடாது, எந்தக் குடும்பமும் வெளியேற்றப்படக்கூடாது.

ஆலை வாசல் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளிலும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். கீழே வயலில் நாம் மடை திறக்கும்போது வருகிற தண்ணீர், மேலே காடர் காத்த காட்டின் தண்ணீர். அந்தக் கடனை நாம் மறக்கலாகாது.