வவுச்சர் இல்லாத தண்டனை

வவுச்சரைக் காட்டாமல் பத்து ரூபாய் செலவு எழுதினால்கூட ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறைப்பார். பி.காம். படித்த எனக்கு இது நன்றாகத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்துக்குத்தான் தெரியாமல் போச்சு.

1894 அக்டோபர் 15. பாரிஸில் கேப்டன் ஆல்ஃபிரட் டிரெஃபஸ் ஆபீஸ் போனார், வீடு திரும்பவில்லை. ஜெர்மனிக்கு ரகசியம் விற்றாராம். ஆதாரம்? ஒரு கடுதாசி. கையெழுத்து அவருடையது மாதிரி இருக்காம். மனிதர் யூதர் வேறு. பழி போட ரொம்ப வசதி.

மனைவி லூசிக்கு 25 வயசு. இரண்டு குழந்தைகள். வெளியே சொன்னால் புருஷனுக்குத்தான் ஆபத்து என்று மிரட்டி வாயை அடைத்தார்கள்.

டிசம்பரில் கோர்ட் மார்ஷல். நாலே நாள்! வக்கீலுக்குத் தெரியாமல் நீதிபதிகள் கைக்கு ஒரு ரகசிய ஃபைல் போனது. அதுதான் சார், வவுச்சர் இல்லாத கணக்கு. தீர்ப்பு: ஆயுளுக்கும் டெவில்ஸ் தீவு.

கூடவே வருகிறேன் என்றார் லூசி. விடவில்லை. அழுதுகொண்டு உட்காராமல் 1896-ல் நாடாளுமன்றத்துக்கே மனுப் போட்டார். கணவரின் அண்ணன் மாத்யூவும் அலையாய் அலைந்தார். கடுதாசியை எழுதியது எஸ்டர்ஹாஸி என்ற மேஜர் என்று தெரிந்த பிறகும், 1899-ல் மறுபடி குற்றவாளி என்றே தீர்ப்பு, அப்புறம் மன்னிப்பு. நிரபராதி என்று சொல்ல 1906 ஆச்சு.

ஏழு ராணுவ நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றபோது, லூசி மட்டும் ஃபைலே பார்க்காமல் சரியான தீர்ப்பு சொல்லியிருந்தார். ஆபீஸில் மெமோ வாங்கினால், முதலில் வீட்டில் காட்டுங்க. அங்கேதான் நியாயமான விசாரணை நடக்கும்!